கையில் கட்டிய சைக்கிள் ட்யூப்: இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் தசைப் பயிற்சி பற்றி ஆசிரியர் அறிய வேண்டியவை

சென்ற கல்வியாண்டில் ஒரு மாலை. எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனை அறிவியல் ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். கபடி அணியில் ஆடுபவன். அவனுடைய இரண்டு மேற்கைகளிலும், பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிய தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. விரல் நுனிகள் கருநீலமாக இருந்தன.

"சார், இதைக் கட்டிக்கிட்டு தண்டால் எடுத்துட்டு இருந்தான். ஏன்டான்னு கேட்டா, ஒலிம்பிக் வீரருங்களே இப்படித்தான் செய்றாங்கன்னு வீடியோ காட்டுறான். இது நிஜமா, புருடாவா? நீங்க உயிரியல் வாத்தியார், நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்கு அப்போது தெளிவான விடை தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன் தம்பி. அதுவரைக்கும் எதையும் கட்டாதே" என்று மட்டும் சொன்னேன். கைகள் பழைய நிறத்துக்கு வரும்வரை அவனை உட்கார வைத்திருந்தோம். அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மாணவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உண்மையான பாதி

தசை வலுப்பெற வேண்டுமானால் கனமான எடையைத் தூக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை 100 விழுக்காடு என்று கொண்டால், தசையைப் பெருக்க ஏறத்தாழ 70 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட எடை தேவை என்பதே வழக்கமான பரிந்துரை.

இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் பயிற்சியில் இந்தக் கணக்கு மாறுகிறது. கையின் அல்லது தொடையின் மேற்பகுதியில், இரத்த அழுத்தமானியின் பட்டையைப் போன்ற காற்றடைத்த பட்டையைச் சுற்றுகிறார்கள். அளந்த அழுத்தத்தை அதில் ஏற்றிவிட்டு, அதிகபட்ச எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரையிலான சிறிய எடையைப் பலமுறை தூக்கச் செய்கிறார்கள். தசை பருமனாவதில் இதன் பலன் கனமான எடைப் பயிற்சிக்கு நெருக்கமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஆண்ட்ரூ இத்தகைய பட்டைகளுடன் காணப்பட்டார். மாணவர்களின் செல்போனுக்கு வந்து சேரும் காட்சிகள் இத்தகையவைதாம்.

400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கட்டு

இந்தப் பயிற்சியைப் புரிந்துகொள்ளப் புதிய அறிவியல் எதுவும் வேண்டாம். நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் சுற்றோட்டப் பாடமே போதும். இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று நிறுவியவர் வில்லியம் ஹார்வி என்று சொல்லித் தருகிறோம். அவர் அதை எப்படி நிறுவினார் என்பதை அநேகமாகச் சொல்வதில்லை. கையில் ஒரு கட்டுப் போட்டுத்தான் நிறுவினார்.

1628-இல் வெளிவந்த தம் நூலில் ஹார்வி இரண்டு வகைக் கட்டுகளை விவரிக்கிறார். முதலாவது மிக இறுக்கமான கட்டு. அதைப் போட்டதும் மணிக்கட்டில் நாடித்துடிப்பு நின்றுவிடுகிறது, கை சிறிது சிறிதாகக் குளிர்கிறது, ஆனால் வீங்குவதில்லை. இரண்டாவது ஓரளவு தளர்த்திய கட்டு. இப்போது நாடி துடிக்கிறது. ஆனால் கை சிவந்து வீங்குகிறது. கட்டுக்குக் கீழே உள்ள சிரைகள் புடைத்துக்கொள்கின்றன.

காரணம் எளிது. தமனிகள் ஆழத்தில் இருப்பவை, சுவர் தடித்தவை, அவற்றுள் அழுத்தம் அதிகம். சிரைகளில் பல தோலுக்கு அருகிலேயே இருக்கின்றன. அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளழுத்தமும் குறைவு. மிதமான கட்டு சிரைகளை மட்டும் நசுக்குகிறது. தமனி வழியே இரத்தம் உள்ளே வருகிறது, சிரை வழியே திரும்ப முடியாமல் தேங்குகிறது. இறுக்கக் கட்டோ இரண்டையும் அடைத்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டுதான், இரத்தம் தமனி வழியே வந்து சிரை வழியே இதயத்துக்குத் திரும்புகிறது என்று ஹார்வி காட்டினார்.

இன்றைய விளையாட்டுப் பயிற்சியில் நடப்பது ஹார்வியின் இரண்டாவது கட்டுதான். தமனி வழியே வரும் இரத்தத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. சிரை வழியே திரும்பும் இரத்தத்தைப் பெரும்பாலும் தடுக்க வேண்டும். முறை முழுவதும் இந்த இடைநிலையில்தான் அடங்கியிருக்கிறது.

ஜப்பானில் தொடங்கிய கதை

இதைப் பயிற்சி முறையாக வளர்த்தவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷியாகி சாதோ. 1966-இல், தம் 18ஆம் வயதில், பௌத்தச் சடங்கு ஒன்றில் கால்களை மடக்கி நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். கெண்டைக்கால் மரத்து வலித்தது. அதைத் தேய்த்துவிட்டபோது, கெண்டைக்கால் பயிற்சியைக் கடுமையாகச் செய்தபின் ஏற்படும் அதே உணர்வு இருப்பதைக் கவனித்தார். இரத்த ஓட்டம் தடைப்பட்டதால்தான் இப்படியோ என்ற ஐயம் எழுந்தது. தம் உடலிலேயே சோதிக்கத் தொடங்கினார். அவர் முதலில் பயன்படுத்தியவற்றில் கயிறும் சைக்கிள் ட்யூபும் அடங்கும்.

எங்கள் மாணவன் செய்ததும் அதுவே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சோதனைக் காலத்தில் சாதோவுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருத்தமான அழுத்தம் எதுவென்று தெரியாமல் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவர், கால்கள் மரத்துப்போய் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. அழுத்தத்தை அளந்து பயன்படுத்தும் பட்டைகள் பிற்காலத்தில் வந்ததன் பின்னால் இப்படி ஒரு பாடம் இருக்கிறது.

1973-இல் பனிச்சறுக்கில் கணுக்காலும் முழங்காலும் காயமுற்றபோது, கட்டுப் போட்டிருந்த காலிலேயே தம் முறையைச் சாதோ பயன்படுத்தித் தசை மெலிவதைத் தடுத்துக்கொண்டார். 'காட்சு' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். அழுத்தம் ஏற்றுதல் என்பது அதன் பொருள். 2000-ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதிய பெண்களிடமும், பின்னர் ரக்பி வீரர்களிடமும் செய்த ஆய்வுகள் அறிவியல் இதழ்களில் வெளிவந்தன. அதன்பின் உலகெங்கும் இத்துறை வளர்ந்தது. அமெரிக்க இராணுவத்தின் மறுவாழ்வு மையத்தில், போரில் கால்களில் பெருங்காயம் அடைந்த வீரர்களுக்கும் இம்முறை பயன்பட்டது.

சிறிய எடை எப்படிப் போதுமாகிறது?

நம் எலும்புத் தசைகளில் இரு வகை இழைகள் உள்ளன. ஒன்று மெதுவாகச் சுருங்குவது, எளிதில் களைக்காதது, ஆக்சிஜனை நம்பியிருப்பது. மற்றொன்று வேகமாகச் சுருங்குவது, வலுவானது, சீக்கிரம் களைப்பது. பயிற்சியால் அதிகம் பருமனாகக்கூடியவை இரண்டாவது வகை இழைகள்.

சிறிய எடையைத் தூக்கும்போது நரம்பு மண்டலம் முதலில் மெதுவான இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. அரிசி மூட்டை இறக்கும்போது இரண்டு பேரே போதும் என்றால் மற்றவர்களைக் கூப்பிட மாட்டோம் அல்லவா, அதுபோல. அந்த இருவரும் களைத்துவிட்டால்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறோம். பட்டை கட்டியிருக்கும்போது தசைக்கு வரும் ஆக்சிஜன் குறைகிறது. லாக்டேட், ஹைட்ரஜன் அயனிகள், பாஸ்பேட் போன்ற வேதிமாற்ற விளைபொருள்கள் வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. மெதுவான இழைகள் விரைவில் களைக்கின்றன. எடை சிறியதாக இருந்தும், வேகமான இழைகள் வேலைக்கு வர நேர்கிறது. தசைச் செல்கள் நீர் ஏறிப் பருப்பதும், தசைப் புரதம் உருவாவதைத் தூண்டும் சமிக்ஞைகள் வலுப்பெறுவதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

தொடக்க ஆய்வுகளில், இப்பயிற்சிக்குப் பின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் பல மடங்கு உயர்வது காணப்பட்டது. தசை வளர்வதற்கு அதுவே காரணம் என்று பலர் எழுதினர். பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து வலுவிழந்தது. தசைக்குள்ளேயே நிகழும் மாற்றங்களே முதன்மையானவை என்பது இன்றைய புரிதல். வீடியோக்களில் இன்றும் 'ஹார்மோன் வெடிப்பு' என்று சொல்வார்கள். இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

அளவுதான் முறை

ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் வடிவம் இது. முதல் சுற்றில் 30 முறை, அடுத்த மூன்று சுற்றுகளில் 15 முறை வீதம், மொத்தம் 75 முறை. சுற்றுகளுக்கு இடையே 30 முதல் 60 விநாடி ஓய்வு. ஒரு பயிற்சி சில நிமிடங்களில் முடிந்ததும் பட்டையின் அழுத்தம் இறக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் அதிகபட்சம் 40 கிலோ தூக்குவார் என்று கொள்வோம். வழக்கமான பயிற்சியில் 80 விழுக்காடு, அதாவது 32 கிலோவை 8 முறை வீதம் 3 சுற்றுகள் தூக்கினால் மொத்தம் 768 கிலோ. பட்டையுடன் 30 விழுக்காடு, அதாவது 12 கிலோவை 75 முறை தூக்கினால் 900 கிலோ. மொத்த வேலை குறையவில்லை. ஆனால் மூட்டு ஒவ்வொரு முறையும் தாங்குவது 32 கிலோவை அன்று, 12 கிலோவை மட்டுமே. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த வீரருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டையின் அழுத்தம் அனைவருக்கும் ஒன்றன்று. முதலில் அந்த நபரின் அந்தக் கையில் அல்லது காலில் தமனி முழுவதும் அடைபட எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று டாப்ளர் போன்ற கருவியால் கண்டறிகிறார்கள். அதில் 40 முதல் 80 விழுக்காடு வரையே பயிற்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு அந்த அளவு 140 மி.மீ. பாதரசம் என்றால், 50 விழுக்காடு என்பது 70 மி.மீ. தொடை பருமனாக இருந்தால் தேவைப்படும் அழுத்தம் கூடும். அகலமான பட்டைக்குக் குறைந்த அழுத்தமே போதும். குறுகிய பட்டையோ ஒரே இடத்தில் ஆழமாக அழுத்தும். அடியிலுள்ள நரம்பையும் நசுக்கக்கூடும்.

சைக்கிள் ட்யூப் மிகக் குறுகியது. அதில் அழுத்தம் காட்டும் முள்ளும் இல்லை. கட்டியிருப்பது ஹார்வியின் முதல் கட்டா, இரண்டாம் கட்டா என்று கட்டியவனுக்கே தெரியாது. மாணவனுக்கு யாரும் சொல்லாத மீதிப் பாதி இதுதான்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

காயத்திலிருந்தோ அறுவை சிகிச்சையிலிருந்தோ மீள்பவர்கள், கனமான எடை தூக்க முடியாத முதியவர்கள், போட்டிக் காலத்தில் மூட்டுகளுக்கு ஓய்வு கொடுக்க விரும்பும் தேர்ந்த வீரர்கள் ஆகியோருக்கு இம்முறை பயனுள்ளது. தசைப் பருமனில் இது கனமான எடைப் பயிற்சிக்கு இணையாக வந்தாலும், தசை வலிமையில் கனமான எடைப் பயிற்சியே முந்தி நிற்கிறது. எனவே உடல்நலத்துடன் இருக்கும் வீரருக்கு இது துணைப் பயிற்சியே. முதன்மைப் பயிற்சிக்கு மாற்றன்று. கபடியில் கால் பிடிக்கும் நேரமறிதலையும், ஓட்டத்தில் முதல் அடியின் வேகத்தையும் எந்தப் பட்டையும் கற்றுத்தராது.

ஆபத்தை எண்ணால் பார்ப்போம்

2006-இல் ஜப்பானில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, 105 பயிற்சி நிலையங்களில் இம்முறையைப் பின்பற்றிய 12,642 பேரைப் பற்றியது. தோலுக்கடியில் இரத்தக் கசிவு 13.1 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. மரத்துப்போதல் 1.3 விழுக்காடு. மூளைக்கு இரத்தம் குறைந்து தலைசுற்றல் போன்றவை 0.3 விழுக்காடு. சிரையில் இரத்தக் கட்டி 0.055 விழுக்காடு. நுரையீரலில் அடைப்பும், தசை சிதைந்து அதன் பொருள்கள் இரத்தத்தில் கலக்கும் நிலையும் தலா 0.008 விழுக்காடு.

கடும் பாதிப்புகள் அரிதானவை என்பது உண்மை. ஆனால் 0.055 விழுக்காடு என்றால் 12,642 பேரில் ஏழு பேர், 0.008 விழுக்காடு என்றால் ஒருவர். பயிற்சி நிலையங்களில், கண்காணிப்புடன் செய்தபோது கிடைத்த எண்கள் இவை. கண்காணிப்பின்றி ட்யூபையும் கயிற்றையும் கட்டுபவர்களுக்கு இந்த எண்கள் எந்த உறுதியும் தரா.

முன்பு இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள், உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், சிரை முடிச்சு உள்ளவர்கள், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவர் அனுமதியின்றி இதில் இறங்கக் கூடாது. மேலும், நடந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை பெரியவர்களிடம் செய்யப்பட்டவை. வளரும் பருவத்தினருக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியவை

பள்ளி மைதானத்தில் இந்தப் பயிற்சிக்கு இடமில்லை. இதை மாணவர்களிடம் ஐயமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் "அதெல்லாம் பொய்" என்று சொல்லாதீர்கள். பொய்யில்லை என்பதை அவர்கள் செல்போனில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் நாம் சொல்லும் எச்சரிக்கையையும் நம்ப மாட்டார்கள். "உண்மைதான், ஆனால் அளக்காமல் செய்யக் கூடாதது" என்று சொன்னால் கேட்பார்கள்.

அவர்களுக்குத் தேவையானது வேறு. 5 முதல் 17 வயது வரையிலானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரை உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும்; வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. தண்டால், உட்கார்ந்து எழுதல், கயிறு ஏறுதல், தாவுதல் ஆகியவற்றைச் சரியான முறையில், சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்தாலே இந்த வயதில் உடல் நன்றாக வலுப்பெறும்.

கை கால்களில் எதையாவது கட்டிப் பயிற்சி செய்த மாணவரைக் கண்டால் முதலில் கட்டை அவிழ்த்து, உட்கார வையுங்கள். மரத்த தன்மை நீங்காமல் இருந்தாலோ, ஒரு கையோ காலோ வீங்கி வலித்தாலோ, அடுத்த நாள்களில் சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

வகுப்பறையில்

கட்டு எதுவும் போடாமலே ஹார்வியின் இன்னொரு சோதனையைச் செய்துகாட்டலாம். மாணவர் கையை ஒரு நிமிடம் கீழே தொங்கவிடட்டும். புறங்கையில் ஒரு சிரை புடைத்துத் தெரியும். அதன் விரல் பக்க முனையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் மணிக்கட்டை நோக்கி நீவ வேண்டும். சிரை வெறுமையாகிவிடும். நீவிய விரலை எடுத்தாலும், இடையில் வால்வு இருக்குமானால், சிரை நிரம்பாது. முதலில் அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென நிரம்பும். இரத்தம் எந்தத் திசையில் செல்கிறது, வால்வு என்ன செய்கிறது என்பதை மாணவர்கள் தம் கையிலேயே கண்டுகொள்வார்கள்.

பாம்புக்கடிக்குக் கட்டுப் போடும் பழக்கத்தைப் பற்றியும் இதே வேளையில் பேசலாம். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. இறுக்கிய கட்டு உறுப்புக்குச் செல்லும் இரத்தத்தை நிறுத்திவிடும் என்பதை ஹார்வியின் முதல் கட்டைக் கற்ற மாணவர் தாமே விளக்குவார். மேலே தந்த விழுக்காடுகளை எட்டாம் வகுப்புக் கணக்காகவும் கொடுக்கலாம்.

மறுவாரம் அந்த மாணவனை ஆய்வகத்துக்கு அழைத்தேன். இரத்த அழுத்தமானியை எடுத்து மேசைமேல் வைத்து, "நீ கட்டின ட்யூபுல எத்தனை மில்லிமீட்டர் அழுத்தம் இருந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்றேன். சிறிது நேரம் யோசித்தான். "தெரியாது சார்" என்றான். "அதனாலதான் கட்டக் கூடாது" என்றேன். தலையாட்டினான். பிறகு அவனே இன்னொரு கேள்வி கேட்டான்: "அப்போ, ஒருத்தருக்கு எத்தனை மில்லிமீட்டர்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறாங்க?" அன்றைய பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.